சமையல் மேடையின் ஓரம்

இதைப் போனில் படித்துக்கொண்டிருந்தால் அப்படியே எழுந்து சமையலறைக்குப் போங்கள். மேடையின் முன் ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். வழவழவென்று உருண்டு போகிறதா? கூராக இருக்கிறதா? நடுவில் எங்காவது விரல் தட்டுகிறதா? பிளாஸ்டிக் பீடிங் கொஞ்சம் பிய்ந்து, அதன் இடுக்கில் கறுப்பாக அழுக்குக் கோடு ஓடுகிறதா?

நம் வளாகத்தில் இந்த நான்கு வகையும் உண்டு. முதலில் கட்டிய பிளாக்குகளில் பில்டர் கொடுத்தது கடப்பா கல். பின்னால் வந்தவற்றில் கிரானைட். இரண்டையும் பிடிக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டிக்கொண்டவர்கள் சிலர். அண்மையில் பழையதையெல்லாம் பெயர்த்துவிட்டுப் பெரிய பெரிய டைல் பலகைகளைப் போடுகிறவர்கள் வேறு. இந்தக் காலாண்டில் மட்டும் மூன்று வீடுகளில் சமையலறை வேலை நடந்தது. கட்டிங் மிஷின் சத்தத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பதிவுகள் வந்தன என்று உங்களுக்கே தெரியும். தூசியைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்குக் காயப்போட்ட துணிதான் கவலை.

அந்தச் சத்தமும் தூசியும் பெரும்பாலும் ஒரே ஒரு வேலையில்தான் எழுகின்றன. மேடையின் ஓரத்தை முடிக்கிற வேலை. ஒரு காலத்தில் அந்த ஓரம் சூளையிலிருந்தே தயாராக வந்தது. அது எப்படி நம் வீட்டுப் பால்கனிக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தரையிலிருந்து மேடைக்கு

நம் பாட்டிமார் உட்கார்ந்து சமைத்தார்கள். அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மனை தரையில். சிந்திய தண்ணீர் தரையோடு ஓடி அங்கணத்தில் விழுந்துவிடும். மேடை இல்லாத வீட்டில் மேடைக்கு ஓரமும் இல்லை.

நம்மை எழுந்து நிற்க வைத்ததில் எரிவாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950-களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் சிலிண்டர் எரிவாயுவை வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. அடுப்பு எப்போதும் சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும் என்று இணைப்புக் கொடுக்கும்போதே சொல்வார்கள். அப்படியென்றால் அடுப்பைத் தூக்கி வைக்க ஒரு திட்டு வேண்டும். இரண்டே முக்கால் அடி உயரம், இரண்டடி அகலம் என்று அந்தத் திட்டுதான் நம் அடுக்ககச் சமையலறையின் அளவாக நிலைத்தது.

மேடை வந்ததும் கூடவே ஓரமும் வந்தது. நினைத்துப் பாருங்கள், சமையலறையில் நம் உடம்பு அதிகம் படுகிற இடம் அதுதான். வயிறு சாய்வது அங்கே, முந்தானை உரசுவது அங்கே, துடைக்கிற கை திரும்புவதும் அங்கேதான். கொட்டிய கஞ்சி காலில் விழுமா விழாதா என்பதையும் அந்த ஓரம்தான் முடிவு செய்கிறது.

கடப்பா கல் இந்த ஓர விஷயத்தில் நமக்குப் பெரிய தலைவலி கொடுக்கவில்லை. கடப்பா, கர்நூல் வட்டாரங்களில் அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புப் பாறை அது. ஏடு ஏடாகப் பிளக்கும். பலகையாக எடுத்து மேடையில் பதித்துவிட்டு, கொத்தனார் காரபோரண்டம் கல்லைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுவார், அவ்வளவுதான். உள்ளே என்ன கல்லோ அதேதான் வெளியேயும். எவ்வளவு தேய்த்தாலும் அதே கறுப்புதான் வரும். அதன் குறை வேறு. சுண்ணாம்புக் கல் என்பதால் எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடம் வெளுத்துப் போகும். உங்கள் மேடையில் மூடி அளவில் வட்ட வட்டமாக மங்கிய தடம் இருந்தால் காரணம் அந்தப் புளிப்புதான், கல் மட்டமானது என்று பில்டரைத் திட்ட வேண்டாம்.

கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓரத்தை அரை உருட்டாகவோ முழு உருட்டாகவோ தேய்த்து மெருகேற்றலாம். கனமாகத் தெரிய வேண்டுமென்றால் அடியில் இன்னொரு பட்டியை ஒட்டி இரண்டையும் சேர்த்து உருட்டுவார்கள். (விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு நம் ஊர் மேடைகளில் நிறைய உண்டு. நாம் கறுப்பு கிரானைட் என்று கூப்பிடுவதைப் புவியியல்காரர்கள் கிரானைட் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தனிக் கதை.) இங்கேயும் கல் முழுக்கக் கல்தான்.

டைல் அப்படி இல்லை.

முகத்தில் மட்டும் பூச்சு

ஒரு பழைய வெள்ளை டைலை உடைத்துப் பாருங்கள். மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு. அதற்குக் கீழே பிஸ்கட் மாதிரி மண். அந்த மண் தண்ணீரைக் குடிக்கும். ஐ.எஸ்.ஓ. 13006 என்ற சர்வதேசத் தரநிலை, சுவருக்கான இந்த வகை டைல்களைத் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் உறிஞ்சுபவை என்று தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கிலோ டைல், நூறு கிராமுக்கு மேல் தண்ணீர். இன்றைய விட்ரிஃபைட் டைல் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் பூச்சும் வடிவமும் பெரும்பாலும் அதிலும் முகத்தில்தான்.

இதற்கான தொடக்கம் 1840-ல் இங்கிலாந்தில். ரிச்சர்ட் பிராஸர் என்பவர் சட்டைப் பொத்தான் செய்ய ஒரு காப்புரிமை எடுத்தார். ஈரக் களிமண்ணைப் பிசைவதற்குப் பதிலாக, ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை இரும்பு அச்சில் கொட்டி அழுத்திவிடுவது. ஸ்டோக் நகரத்து மட்பாண்ட முதலாளி ஹெர்பர்ட் மின்டன் அந்த உரிமையில் பங்கு வாங்கினார். பொத்தான் செய்கிற முறையிலேயே சுவருக்கான டைலும் செய்யலாம் என்று கண்டுகொண்டார். ஈரம் குறைவு என்பதால் சுருக்கம் குறைவு, வளையாது, வாரக்கணக்கில் காய வைக்க வேண்டாம். ஆறு அங்குலச் சதுரம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே ஆறு அங்குலம். இன்று குஜராத்தின் மோர்பியில் லட்சக்கணக்கில் அழுத்தித் தள்ளுவதும் அடிப்படையில் அதே வழிதான்.

ஆனால் அச்சில் அழுத்தினால் வருவது தட்டையான துண்டு. முகத்தில் பூச்சு, முதுகு சிமென்டில் ஒட்ட வேண்டியது, பக்கவாட்டில் வெறும் மண். சுவரின் நடுவில் இருக்கும்வரை பக்கவாட்டை யாரும் பார்ப்பதில்லை. சுவர் முடிகிற இடத்திலும் மேடை முடிகிற இடத்திலும்தான் அந்தப் பக்கவாட்டு முகமாகிவிடுகிறது. பார்க்க அசிங்கம். அது போகட்டும் என்றால், தண்ணீர் புகுகிற வாசலும் அதுதான்.

அந்தக் காலத்து ஆலைகள் இதற்கு ஒரு நேர்மையான விடை வைத்திருந்தன. ஓரத்துக்கென்று தனி டைல். ஒரு பக்கம் மட்டும் உருட்டி, அந்த உருட்டின் மேலும் பூச்சு ஏற்றிச் சுட்டது ஒரு வகை. மூலைக்காக, அடுத்தடுத்த இரண்டு பக்கம் உருட்டியது இன்னொன்று. பிரிட்டிஷ் கடைகளில் இவற்றுக்கு ஆர்.ஈ., ஆர்.ஈ.எக்ஸ். என்று சுருக்கப் பெயர்களே இருந்தன. தரையும் சுவரும் சேரும் இடத்துக்குக் குழிந்த துண்டு, தலைப்பில் வைக்க மெல்லிய உருளைத் துண்டு என்று ஒரு குடும்பமே உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் போனால் பழைய வீடுகளின் சுவரில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூ டைல்களைக் கவனியுங்கள். எல்லோரும் பூவைத்தான் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் அந்த வரிசை முடிகிற இடத்தைப் பாருங்கள். ஆறு அங்குலச் சதுரத்துக்கு அதே நிறத்தில் ஆறுக்கு மூன்று ஓரத் துண்டு இருக்கும்.

மேடையே டைலான ஊர்

சுவரை விடுங்கள், சமையல் மேடை முழுவதையும் டைலால் மூடி, அதன் ஓரத்தை ஒரு கலையாகவே ஆக்கியது 1920-களின் கலிஃபோர்னியா. ஏன் அங்கே என்றால் களிமண்ணும் இருந்தது, வீடுகளும் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன, ஸ்பானிய பாணி வீட்டின் மேல் ஒரு மோகமும் இருந்தது. 1875-ல் தொடங்கிய கிளாடிங் மெக்பீன் போன்ற பெரிய ஆலைகள் ஒரு பக்கம். எர்னஸ்ட் பேச்சல்டர் பாசடீனாவில் தொடங்கிய கைவினைப் பட்டறை ஒரு பக்கம். ரோடா ரிண்ட்ஜ் என்ற நிலக்கிழார் அம்மையார் 1926-ல் தொடங்கிய மாலிபு டைல் ஆலை இன்னொரு பக்கம். அந்த ஆலை ஆறே ஆண்டுதான் ஓடியது. 1931-ல் தீ, 1932-ல் மூடல். அவருடைய மகளின் வீடு இப்போதும் மாலிபு கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. சமையலறை உட்பட வீடெங்கும் அந்த டைல்கள்தான்.

அந்த மேடைகளின் வெட்டுத் தோற்றத்தை உங்கள் மனக்கண்ணில் கொண்டுவர முயல்கிறேன். அடியில் மரப் பலகை. அதன் மேல் கம்பி வலை. அதன் மேல் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குச் சிமென்ட் கலவை. அதற்கும் மேலே டைல். ஆக முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு அங்குலக் கனத்துக்கு மரமும் கலவையும் தெரியும். அதை மறைக்க அவர்கள் செய்த துண்டு, நம் ‘ட’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஒரு கால் மேடையின் மேல் படுத்திருக்கும். இன்னொரு கால் முன்னால் இறங்கிக் கலவையை மூடும். இரண்டும் சேரும் முழங்கையை உருட்டியிருப்பார்கள். அந்த முழங்கையை மேடை மட்டத்தைவிடக் கொஞ்சம் தூக்கியும் விட்டிருப்பார்கள், வயல் வரப்பு மாதிரி.

அந்த வரப்புதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அரை விரல் உயரம்கூட இருக்காது. ஆனால் பாத்திரம் கழுவும்போது சிதறிய தண்ணீர் முன்னால் வழிந்து காலில் விழாமல் நின்று, தொட்டிப் பக்கம் திரும்பிவிடும். நம் வீடுகளில் பாதிப் பேர் மேடை ஓரத்தில் பழைய துண்டை மடித்துப் போட்டு வைத்திருக்கிறோமே, அந்த வேலையை அங்கே சூளையில் சுட்ட மண் செய்தது.

வேலை செய்கிற வரிசையும் கவனிக்க வேண்டியது. ஓரத் துண்டை முதலில் அளந்து வைப்பார்கள். முழு டைல்கள் முன்னாலிருந்து பின்னால் போகும். வெட்டுத் துண்டு விழ வேண்டுமென்றால் அது சுவரோரம் விழும், கண்ணிலும் கையிலும் படாத இடத்தில். நம் ஊரில் பல வீடுகளில் சுவரிலிருந்து தொடங்கி முன்னால் வருகிறார்கள். கடைசியில் மிச்சப்படுகிற ஒன்றரை அங்குலத் துண்டு, எல்லோரும் சாய்கிற முன் ஓரத்தில் போய் உட்காரும். முதலில் பெயர்ந்து வருவதும் அதுவே.

போருக்குப் பிறகு அந்த மேடைகளின் மவுசு குறைந்தது. 1913-ல் அமெரிக்காவில் மின்சாரக் காப்புப் பொருளாகப் பிறந்த ஃபார்மைகா அலங்காரத் தகடாக உருமாறி, மலிவாக, இணைப்பே இல்லாமல் சமையலறைக்குள் வந்துவிட்டது. நாம் சன்மைகா என்கிறோமே, அதன் அண்ணன். டைல் இடுக்கில் படியும் அழுக்கைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன பெண்கள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. அங்குலக் கனத்துக்குக் கலவை போடும் கைவேலையும் குறைந்தது. 1956-ல் ஹென்றி ராத்பெர்க் தொடங்கிய லாட்டிகிரீட் போன்ற நிறுவனங்களின் ஒட்டுக் கலவையை மெல்லிசாகத் தடவி டைலை ஒட்டிவிடலாம் என்றானது.

இங்கே என்ன ஆயிற்று?

இந்தியாவில் பிரிட்டிஷ் ஜான்சன் நிறுவனத்தின் கூட்டில் 1958-ல் டைல் ஆலை அமைந்தது. பழைய இந்தியத் தரநிலை 777, சுவருக்கான மெருகு டைல்களைப் பற்றியது. பொதுப்பணித் துறை விவரக்குறிப்புகளிலும் பழைய பொறியாளர்களின் எஸ்டிமேட்டுகளிலும் டைலோடு சேர்த்து உள்மூலைத் துண்டு, வெளிமூலைத் துண்டு, குழிவுத் துண்டு என்று தனியாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. பழைய அரசு மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களில் சுவர் முனை உருண்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அவை கடைகளிலிருந்து மறைந்தன. யாரும் தடை போடவில்லை. கணக்குதான் காரணம். வெள்ளை, வெளிர் நீலம், வெளிர் பச்சை என்று நான்கைந்து நிறம் மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஓரத் துண்டு செய்து வைக்கலாம். இன்று ஒரு கடையில் நூறு டிசைன், ஆறு மாதத்தில் அதில் பாதி மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் நேர் ஓரம், மூலை, உள்மூலை என்று யார் அச்சு வெட்டி, யார் அடுக்கி வைப்பது? ஆலை கைகழுவிவிட்டது. கடைக்காரர், “சைட்லயே பண்ணிக்கலாம் சார்” என்றார்.

சைட்டில் பண்ணிக்கொள்ள முடிந்ததற்குக் கருவிகள்தான் காரணம். 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கையாகச் செய்த கார்போரண்டம், வைரத்துக்கு அடுத்தபடி கடினமான பொருள்களில் ஒன்று. நம் திருவொற்றியூரோடு பெயர் சேர்ந்த கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் தொடங்கியது. அதே 1954-ல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் நிறுவனம் கையில் பிடிக்கும் வேகமான ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1951-ல், ஸ்பெயினில் போவாடா சகோதரர்கள் கீறி உடைக்கும் டைல் கட்டரைச் செய்திருந்தார்கள். இந்த இரண்டு கருவிகளில் கட்டர் தூசி கிளப்பாது, ஆனால் நேர்க்கோட்டில்தான் உடைக்கும். ஓரத்தைச் சாய்வாகச் சீவ வேண்டுமென்றால் கிரைண்டர்தான். 1975-ல் ஜெர்மனியில் வெர்னர் ஷ்லூட்டர் என்ற டைல் மேஸ்திரி, ஓரத்தைச் சீவாமலே மூட ‘ட’ வடிவ உலோகப் பட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஹார்டுவேர் கடையில் தொங்கும் அலுமினியப் பட்டைகளும் பிளாஸ்டிக் பீடிங்குகளும் அதன் உறவினர்கள்தான்.

என் வீட்டு ஓரம்

நான் இங்கே குடிவந்த புதிதில் கடப்பா கல்லின் கறுப்பு என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. இருட்டாக இருக்கிறது என்றாள். கல்லைப் பெயர்க்காமல் அதன் மேலேயே வெள்ளை டைல் ஒட்டினோம். முன் ஓரத்துக்குக் கிரானைட் பட்டி வைத்துவிடலாம் என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். நான்தான் கணக்குப் பார்த்து, டைலையே நறுக்கி ஒட்டுங்கள் என்றேன். மேலே ஒரு டைல், முன்னால் ஒரு துண்டு, இரண்டும் சேரும் முனையில் வெள்ளைச் சிமென்ட். முதல் தீபாவளி வரை பளிச்சென்று இருந்தது.

இரண்டாம் வருஷம் வெள்ளைச் சிமென்ட் உதிர்ந்தது. டைலின் மண் பக்கம் வெளியே தெரிந்தது, பூச்சின் விளிம்பு பிளேடு மாதிரி நின்றது. ஒரு நாள் காலை அம்மா மேடையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் “ஸ்” என்றார். உள்ளங்கையில் குறுக்கே நீளமாக ஒரு கீறல், மூன்று தையல். “மேடையைப் பளபளன்னு வச்சிருக்கியே, கையை வச்சிக்கிற இடத்தைப் பார்க்க மாட்டியாடா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது தொடங்கியதுதான் இந்த ஓர ஆராய்ச்சி. ஓரத் துண்டைப் பெயர்த்தபோது பார்த்தால் உள்ளே கலவை ஈரமாக இருந்தது. அடியில் இருந்த மரக் கதவின் தலைப்பு உப்பிப் போயிருந்தது. மேலே ஒரு சொட்டும் தேங்காத மேடை, ஓரத்து வழியே இரண்டு வருஷமாகத் தண்ணீர் குடித்திருக்கிறது.

தூசி போன வழி

இப்போது பால்கனிக்கு வருவோம். இத்தாலியில் 2001-ல் லாமினம் நிறுவனம் ஆளுயரத்துக்கும் பெரிய மெல்லிய பீங்கான் பலகைகளைக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த பெரிய பலகைகள் இன்று மோர்பியிலிருந்தே நமக்குக் கிடைக்கின்றன. மேடைக்கு ஒரே பலகை. இடுக்கு இல்லை, கிரவுட் இல்லை, புளிக்கரை இல்லை. நல்ல பொருள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பளிங்கு மாதிரியான அந்த நரம்புகள் பல பலகைகளில் மேலே அச்சடித்தவை. வெட்டினால் உள்ளே வெறும் வெளுப்பு. ஆகவே பலகையின் முனையையும் முன்பட்டியின் முனையையும் 45 டிகிரிக்குச் சீவி, இரண்டையும் எபாக்ஸி வைத்துச் சேர்க்கிறார்கள். நரம்பு மடிந்து கீழே இறங்குவது போல இருக்கும். அழகுதான். அந்த அழகுக்காக மேடையின் நீளம் முழுக்க, இரண்டு முறை, கிரைண்டர் ஓட வேண்டும்.

கடந்த மாதம் எங்கள் மாடியில் அதைச் செய்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். தண்ணீர் ஊற்றாமல் சீவிக்கொண்டிருந்தார். புருவம், இமை, தலைமுடி எல்லாம் வெள்ளை. மூக்கில் ஒரு கைக்குட்டை. “மாஸ்க் இல்லையா தம்பி?” என்றேன். சிரித்தார். “கண்ணாடி மூடிக்கும் சார், கோடு தெரியாது” என்றார். ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்டதற்கு, கீழ்வீட்டுப் பால்கனியில் சேறு ஒழுகுகிறது என்று திட்டுகிறார்களாம். கீழ்வீடு என்றால் யார்? நாம்தான்.

கல்லிலும் பீங்கானிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. வடு வடுவாக இறுகி, மூச்சு குறைந்துகொண்டே போகும். சிலிகோசிஸ் என்று பெயர், போன நுரையீரலை மீட்க மருந்து இல்லை. இது புதுச் செய்தியும் அல்ல. நான் மேலே புகழ்ந்த ஸ்டோக் ஆலைகளிலேயே களிமண்ணோடு சிக்கிமுக்கிக் கல் தூளைச் சேர்ப்பார்கள். அந்தத் தூசியில் வேலை செய்தவர்களின் நோயை ஊரார் ‘குயவர் அழுகல்’ என்ற பொருளில் கூப்பிட்டார்கள். ஆகவே பழைய ஓரத் துண்டுகள் குற்றமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தூசியாவது கூரைக்குக் கீழே, ஒரு முதலாளியின் பொறுப்பில் இருந்தது. சட்டம் உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சிலிகோசிஸ் வந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று பட்டியலிட்டிருந்தது. என் மாடிப் பால்கனி தொழிற்சாலை இல்லையே. ஓரம் ஆலையிலிருந்து வெளியேறியபோது தூசியும் கூடவே வெளியேறி, எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் மேடைகளையே தடை செய்தது. குவார்ட்ஸ் என்று நம் கடைகளில் விற்பது அந்த வகை. அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் போகலாம். வெட்டிய இளைஞர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்ததுதான் காரணம். பீங்கான் பலகையிலும் கிரானைட்டிலும் சிலிக்கா அதைவிடக் குறைவு, அதனால் தடை இல்லை. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது.

நீங்கள் மேடை மாற்ற நினைத்திருந்தால், விலை பேசும் முன் ஓரத்தைப் பேசுங்கள். உருட்டு வேண்டுமா, சாய்வு வேண்டுமா, பட்டை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்தால், அளவு எடுத்துக்கொடுத்துக் கல் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு ஓரத்தை முடித்துக் கொண்டுவரச் சொல்லலாம். வீட்டில் சேர்ப்பது மட்டும் மிச்சம். செலவு கொஞ்சம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். வீட்டிலேயே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு வெட்டட்டும். கீழே ஒரு தட்டும் சாக்கும் வைத்தால் சேறு நிற்கும். அதையும் மீறி நாலு சொட்டு உங்கள் பால்கனியில் விழுந்தால் குழுவில் எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தத் தம்பியின் இமையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாஸ்க்கையும் மூடிக்காத கண்ணாடியையும் நாமே வாங்கிக் கொடுத்தால் மேடைச் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. டைலே போதும் என்பவர்கள் முழு டைலை முன்னால் தொடங்குங்கள், ஓரத்துக்கு ஒரு கிரானைட் பட்டியோ உலோகப் பட்டையோ வையுங்கள். முனையை மட்டும் வெள்ளைச் சிமென்டை நம்பி விடாதீர்கள். நான் விட்ட பாடம் அது. பட்டியின் அடியில் பென்சில் கனத்துக்கு ஒரு காடி போடச் சொன்னால், வழிகிற தண்ணீர் அந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே ஓடி மரப்பெட்டியை நனைக்காது. ஜன்னல் சன்ஷேடின் அடியில் இருக்கும் அதே காடிதான்.

வேலைகள் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் என்று நமக்கு ஒரு விதி இருக்கிறது. அது சத்தத்துக்கானது. தண்ணீர் விட்டு வெட்டுவதையும் மாஸ்க்கையும் அதில் சேர்க்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்க இருக்கிறேன். எதிர்த்துப் பேச நினைப்பவர்களும் வாருங்கள்.

இன்னொன்று. சென்ற மாதம் முதல் பிளாக்கில் ஒரு வீட்டுக் குளியலறையை உடைத்தபோது குப்பைச் சாக்கில் நான்கு உருட்டு ஓர டைல்கள் முழுசாகக் கிடைத்தன, மூன்று நேர், ஒன்று மூலை. வெளிர் நீலம். அந்த மூலைத் துண்டில் இரண்டு பக்கமும் உருண்டு சந்திக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். கழுவிச் சங்க அலுவலக அலமாரியில், சாவிக் கொத்துப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மாலையில் அந்தப் பக்கம் வந்தால் எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.